வாங்கிய பிறகும் பணம் கேட்கும் பொருள்கள்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு டீ பேக்டரியில் மாதம் 24,000 ரூபாய் சம்பளம். எனக்குத் தனியார் பள்ளியில் 11,000. ஒன்றரை ஏக்கர் தேயிலை உண்டு. இலைப் பணம் ஒரு மாதம் வந்ததுபோல் இன்னொரு மாதம் வருவதில்லை. மாமியார், 14 வயதில் மகன், 11 வயதில் மகள் என்று வீட்டில் 5 பேர். குடி, சூது எதுவும் கிடையாது. ஓட்டலுக்குக்கூட அதிகம் போவதில்லை. ஆனாலும் 20ஆம் தேதி ஆனால் கை காய்ந்துவிடுகிறது. கடைசிக் கரண்ட் பில் 590 யூனிட். பாலை அரை லிட்டர் குறைக்கலாம், பேப்பரை நிறுத்தலாம் என்கிறார் வீட்டுக்காரர். மாமியார் தினமும் பேப்பர் படிப்பவர். கேஸ் கீசர் வாங்கினால் கரண்ட் குறையும் என்கிறான் மகன். எதை முதலில் குறைப்பது? 3 மாதச் செலவுச் சீட்டை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: பாலில் கை வைக்க வேண்டாம். வளரும் பிள்ளைகள் இரண்டு பேர், வயதானவர் ஒருவர் இருக்கும் வீடு. அரை லிட்டரைக் குறைத்தால் மாதம் 600 ரூபாய் மிஞ்சும், அவ்வளவுதான். உங்கள் சீட்டில் அதற்கு 4 வரி கீழே "கார்டு மினிமம் 2,500" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்து தொடங்குவோம்.

கிரெடிட் கார்டில் நிற்கும் பாக்கி 42,000. மாத வட்டி 3.5 சதவீதம் என்று உங்கள் ஸ்டேட்மென்டே சொல்கிறது. அப்படியானால் ஒரு மாத வட்டி 1,470. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 265. ஆக 1,735 ரூபாய் வட்டிக்கே போகிறது. நீங்கள் கட்டும் 2,500இல் கடனைத் தொடுவது 765 மட்டும். இனி ஒரு ரூபாய்க்குக்கூடக் கார்டைத் தேய்க்காமல், இதே 2,500ஐ விடாமல் கட்டினால் 29 மாதம் கழித்துத்தான் தீரும். அதற்குள் கட்டிய தொகை 73,000ஐ ஒட்டி வந்திருக்கும். மாதம் 6,000 கட்ட முடிந்தால் 9ஆவது மாதத்தில் முடிந்துவிடும், மொத்தமும் 51,000க்குள் அடங்கும்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பாக்கி நிற்கும் கார்டில் புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. போன மாதம் அதே கார்டில் மளிகை வாங்கியிருக்கிறீர்கள். அந்தப் பருப்புக்கும் எண்ணெய்க்கும் வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிட்டது.

வீட்டில் சும்மா கிடக்கும் நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் வைத்து இந்த 42,000ஐ ஒரே தடவையில் அடைத்துவிடுவது நல்லது. ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று கூட்டியே வைத்தாலும் மாதம் 420 ரூபாய்தான்; 1,735 எங்கே, 420 எங்கே. இதில் ஒரே ஒரு ஆபத்து உண்டு: கார்டு காலியானதும் மறுபடி நிரம்பிவிடும். பிறகு நகைக் கடன் ஒருபக்கம், கார்டுக் கடன் ஒருபக்கம் என்று இரண்டு தலைவலி. அதனால் நகையை வைக்கும் அன்றைக்கே போனில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்களை எல்லா ஆப்பிலிருந்தும் அழித்துவிடுங்கள்.

சோபாவும் மகனின் போனும் "வட்டியில்லாத் தவணை" என்று எழுதியிருக்கிறீர்கள். சுழிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே சொல்லிவிட்டது. வட்டியை விலைக்குள் மறைப்பார்கள், அல்லது ரொக்கத்துக்குக் கிடைக்கவேண்டிய தள்ளுபடியை எடுத்துக்கொள்வார்கள். செயலாக்கக் கட்டணம் வேறு. போனது போகட்டும், அந்த இரண்டும் ஓடி முடியட்டும். புதுத் தவணை மட்டும் வேண்டாம்.

அடுத்தது கரண்ட். 590 யூனிட் என்பது மோசமான இடத்தில் நிற்கும் எண். தமிழ்நாட்டில் 2 மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை; கீழே இருக்கும் யூனிட்டுக்குக் கிடைத்த சலுகையும் பறிபோகும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். முதல் 100 இலவசம். 500க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட் 2.25 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அதே 100 யூனிட்டுக்கு 4.50. அந்தக் கணக்கில் 590 யூனிட்டுக்கு 2,670 ரூபாய். 490 யூனிட் என்றால் 1,665. நடுவில் இருக்கும் 100 யூனிட்டின் விலை 1,005! அதன் பிறகு விகிதம் பைசாக் கணக்கில் ஏறியிருக்கிறது, இப்போதைய விகிதத்தை வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். குறைக்க வேண்டியது அந்த 100 யூனிட்தான். விசிறி போடாத ஊரில், பல்பை அணைத்து அணைத்து அதைப் பிடிக்க முடியாது. அது குளியலறையில் இருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி வேண்டும். உங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 0.6 யூனிட் ஆகும். பிள்ளைகள் இருவரும் ஷவரில் "தண்ணீர் ஜில்லென்று வரும்வரை" நிற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 25 லிட்டர் கீசர் 60 டிகிரியில் இருந்தால், பச்சைத் தண்ணீர் கலந்து 45, 50 லிட்டர் வெதுவெதுப்பாக வரும், பிறகுதான் ஜில்லிடும். அதற்கு 1.4 யூனிட். வாளிக்கும் ஷவருக்கும் வித்தியாசம் ஆளுக்கு 0.8, இரண்டு பேருக்கு நாளைக்கு 1.6, 60 நாளில் 96 யூனிட். தேடிய 100 கிட்டத்தட்ட அகப்பட்டுவிட்டது. ஷவரை ஒரேயடியாகத் தடுத்தால் வீட்டில் சண்டை வரும். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் விட்டுக்கொடுங்கள்.

மிச்சம் இருப்பது சும்மா போடும் சூடு. காலை 5.30க்குப் போட்டு 10 மணிக்கு அணைப்பது பழக்கம் என்கிறீர்கள். கீசர் 2,000 வாட். 25 லிட்டரை 15இலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற அதற்கு அரை மணி நேரம் போதும். முதல் ஆள் 6.15க்குக் குளிப்பார் என்றால் 5.45க்குப் போடுங்கள். அடுத்தடுத்த ஆளுக்கு 15, 20 நிமிட இடைவெளி. கடைசி ஆள் வாளியை நிரப்பியதும் ஸ்விட்சை அணைத்துவிடலாம், குளித்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சூட்டின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட் 70, 75இல் இருந்தால் 50, 55க்கு இறக்கச் சொல்லுங்கள். சில மாடல்களில் அது மூடிக்குள் இருக்கும், மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன்தான் திறக்க வேண்டும். தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் குறையக் குறைய வீணாகும் சூடும் குறையும். ஆனால் 50க்குக் கீழே போகக் கூடாது. தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் கிருமி வளரும்.

இப்போது மகனின் யோசனை. கேஸ் கீசர் கரண்டைக் குறைக்கும், சிலிண்டரைக் கூட்டும். அது இரண்டாவது பிரச்சினைதான். முதல் பிரச்சினை உயிர். கேஸ் எரியும்போது அறையின் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரில் அட்டை வைத்து அடைக்கும் வழக்கம் உள்ள ஊரில் இதைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. மாட்டினால் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். ராத்திரி மூடிய அறைக்குள் கரியடுப்பைக் கணப்பாக வைப்பதும் இதே ஆபத்துதான். மாமியாரின் அறையில் 2,000 வாட் ராடு ஹீட்டர் 2 மணி நேரம் ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள், அது நாளைக்கு 4 யூனிட். படுக்கைக்கு முன் அரை மணி மட்டும் போட்டு, பிறகு வெந்நீர்ப் பை ஒன்றைப் போர்வைக்குள் வைத்தால் 3 யூனிட் மிஞ்சும். குளிர் மாதங்களில் கீசரை விட இது பெரிய மிச்சம்.

மேலே சொன்ன எதையும் நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். ஒரு நாள் காலையில் கீசர் போடும் முன் மீட்டரில் ரீடிங் எடுத்து, குளியல் முடிந்ததும் மறுபடி எடுங்கள். பிரிட்ஜ் தவிர மற்றதெல்லாம் அணைந்திருக்கட்டும். இந்த வேலையை மகனிடமே கொடுங்கள்.

சமையல் கேஸில் மலைக்கென்றே இரண்டு விஷயம் உண்டு. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் இழுப்பது அதனால்தான். தீயைக் கூட்டினாலும் 94தான், ஆவிதான் அதிகம் போகும். குக்கரில்கூடக் கீழ்நாட்டு நேரத்தைவிட 20 சதவீதம் கூட வைக்க வேண்டும். விசில் கணக்கை விடுங்கள். விசில் என்பது கேஸ் செலவழித்து உண்டாக்கிய ஆவி வீணாக வெளியே போகும் சத்தம். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து நிமிடத்தை எண்ணுங்கள்: அரை மணி ஊறிய துவரம் பருப்புக்கு 10 நிமிடம். அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கட்டும், பாதி வேலை அந்த நேரத்தில் நடக்கிறது. குக்கரின் விளிம்பில் ஈரம் கசிந்தால் கேஸ்கட் தளர்ந்துவிட்டது; அதை மாற்றாமல் பருப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது, டிசம்பர், ஜனவரியில் "கேஸ் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது" என்று எல்லோரும் சொல்வது. சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரொப்பேன் முந்திக்கொண்டு ஆவியாகும். கடைசியில் தங்குவது பெரும்பாலும் பியூட்டேன். அது குளிரில் சோம்பேறி. தீ சிறுத்துவிட்டது, காலி என்று நினைத்து மாற்றிவிடுகிறோம், உள்ளே இன்னும் கேஸ் இருக்கும். சிலிண்டரின் மேல் வளையத்தில் காலி எடை கிலோவில் அடித்திருப்பார்கள். தொங்கும் தராசில் எடையைப் பார்த்து அதைக் கழித்தால் மிச்சம் தெரிந்துவிடும். புது சிலிண்டர் வரும்போது 14.2 கிலோ இருக்கிறதா என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். வெளித் திண்ணையில் வைத்திருந்தால் காற்றோட்டமுள்ள சமையலறைக்குள் கொண்டுவாருங்கள். வெந்நீர் ஊற்றுவது, அடுப்புப் பக்கம் சாய்த்து வைப்பது எல்லாம் விபரீதம்.

மாதம் ஒருமுறை கோயம்புத்தூர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறீர்கள், ஆஃபரில் 500, 600 மிச்சம் என்கிறீர்கள். போக வர ஏறக்குறைய 140 கிலோமீட்டர். மலையேறும் கார் லிட்டருக்கு 12, 13 கொடுத்தாலே அதிகம். 11 லிட்டர் பெட்ரோல், 1,100 ரூபாய்க்கு மேல். 5 பேருக்கு மதியச் சாப்பாடு வேறு. அதோடு, ஆஃபர் மூட்டை மலைக்கு ஒத்துவராது. உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கனத்த மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அலமாரிக்குள்ளேயே ஈரம் ஏறும். ரவை, மைதா, கடலை மாவு, மிளகாய்த்தூள், அப்பளம், பிஸ்கட் எல்லாம் அரைக்கிலோவுக்கு மேல் கையிருப்பு வேண்டாம். மிளகாய்த்தூள் கட்டிபிடித்த பிறகு அடியில் பூஞ்சை வரும். நிலக்கடலை கசந்தால், சுருங்கிக் கருத்திருந்தால் வறுத்துக்கூடச் சாப்பிடக் கூடாது, தூக்கிப் போட வேண்டியதுதான். மாறாக எண்ணெய் குளிரில் நன்றாகத் தாங்கும். 5 லிட்டர் டின் வாங்கினாலும் கெடாது. தேங்காய் எண்ணெயை மட்டும் அகல வாய் ஜாடியில் வாங்குங்கள். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய வாய் பாட்டிலை அடுப்போரம் வைத்து உருக்கி, பாட்டிலும் கோணி, பாதி எண்ணெய் ஒட்டியே போகும்.

ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பை 3 மாதத்தில் ஒருமுறைதான் வாங்கியிருக்கிறீர்கள். வேக நேரமாகிறது என்பதுதான் காரணம் என்றால், ஒரு மணி நேரம் ஊறவைத்தால் போதும்.

சீட்டில் ஒரு வரி சிரிப்பை வரவழைத்தது: விளம்பரக் கம்பெனி டீத்தூள், மாதம் ஒன்றரைக் கிலோ. நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போனால்தான் ஒரு கிலோ தூள் வரும். அந்த இலையைக் கொடுப்பவரும் நீங்கள், பேக்டரியில் வேலை செய்பவரும் உங்கள் வீட்டுக்காரர்! பேக்டரித் தூளை வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் முடிந்தது.

இனி பெரிய பொருள்கள். ஒரு பொருளின் விலை ஒருமுறை போகும். அதற்கு ஒரு வால் இருந்தால் அது மாதாமாதம் இழுக்கும். வாங்கும் முன் வாலைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டு ஆர்ஓ மெஷினின் வால் ஆண்டுக்கு 5,400 சர்வீஸ் ஒப்பந்தம். ஆர்ஓ என்பது உப்புத் தண்ணீருக்கான மெஷின். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்க ஏற்றது என்பது இந்தியத் தர அளவு. மலை ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் அதற்கு மிகக் கீழே. சர்வீஸ் ஆள் வரும்போது, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை மெஷினுக்கு உள்ளே போகும் தண்ணீரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் வழக்கமாக வெளியே வரும் தண்ணீரில்தான் வைத்துக் காட்டுவார்கள். எண் சின்னதாக இருந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம். மலைத் தண்ணீரில் கவலைப்பட வேண்டியது உப்பை அல்ல, கிருமியை. அதற்குக் கொதிக்கவிடுவதே போதும். குமிழ் வந்த பிறகு 3 நிமிடம் விடுங்கள், உயரத்தில் அதுதான் பாதுகாப்பு.

பிள்ளைகளின் பிராஜெக்டுக்கு வாங்கிய கலர் பிரிண்டருக்கும் வால் உண்டு. வாரம் 2 பக்கம் எடுக்கும் வீட்டில் மை முனையில் காய்ந்துவிடும். ஒவ்வொரு தடவை சுத்தம் செய்யும்போதும் அதே மைதான் செலவாகும். இரண்டாவது கார்ட்ரிட்ஜ் வாங்கும் முன் பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடைக்கு மாறிவிடுங்கள். சுழலும் மாப், அதன் மாற்றுத் துணி, மணம் வீசும் மெஷின், அதன் ரீஃபில் எல்லாம் இந்த ஜாதிதான்.

பார்சல் செலவு மாதம் சராசரி 2,200. மலைக் கிராமங்களில் பொருளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் வராது. அளவு சரியில்லாத 2 ஜோடிச் செருப்பும் ஒரு ஜெர்கினும் அப்படித்தான் உங்கள் வீட்டில் தங்கியிருக்கின்றன. உங்கள் பின்கோடுக்கு ரிட்டர்ன் உண்டா என்று பார்க்காமல் துணி, செருப்பு எதையும் ஆன்லைனில் எடுக்க வேண்டாம். விரும்பியதைக் கூடையில் போட்டு வையுங்கள், பணம் கட்டுவது சம்பளத் தேதிக்கு அடுத்த ஞாயிறு மட்டும். அதற்குள் பாதியை நீங்களே கூடையிலிருந்து நீக்கிவிடுவீர்கள்.

செலவைக் கூட்ட வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு யூனிபார்ம் இரண்டு செட்தான் எடுத்திருக்கிறீர்கள். மழை மாதத்தில் துணி 2 நாளானாலும் காயாது. காயாததை இஸ்திரி போட்டே காயவைக்கிறீர்கள், அதுவும் கரண்ட். மூன்றாவது செட் எடுங்கள். வாஷிங் மெஷினில் சூடு 40, 60 என்று வைக்காமல் பச்சைத் தண்ணீரில் துவைத்து, கடைசிச் சுழற்சியை மட்டும் அதிக வேகத்தில் விடுங்கள்.

இலைப் பணத்தை வீட்டுச் செலவோடு கலப்பதுதான் 20ஆம் தேதிச் சிக்கலின் வேர். இலை நன்றாக வந்த மாதத்துச் செலவு, வராத மாதத்திலும் அப்படியே தொடர்கிறது. வீடு சம்பளம் 35,000இல் மட்டும் ஓடட்டும். இலைப் பணம் தனிக் கணக்கில் போய், அதிலிருந்து உரம், ஆள் கூலி, ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், கார்டுக் கடன் என்ற வரிசையில் எடுங்கள். கவாத்து, அதாவது செடியை வெட்டிவிடுவது, எப்போது என்று எழுதவில்லை. 4, 5 வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்த வருடத்தில் சில மாதம் இலையே இருக்காது. அடுத்த வருடம் கவாத்து என்றால் அந்த மாதங்களுக்கான பணம் இப்போதே அந்தக் கணக்கில் சேர வேண்டும். ஒன்றரை ஏக்கரையும் ஒரே வருடம் வெட்டாமல் இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்த வருடம் வெட்டினால் வருமானம் அடியோடு நிற்காது. வெட்டிய குச்சியில் மண்ணுக்கு மூடாக்காகப் போட்டது போக மீதியை மழை படாமல் அடுக்கிக் காயவையுங்கள். வீட்டுக்கு வெளியே பழைய செம்பு பாய்லர் கிடந்தால் இந்தக் குச்சியே அதற்கு விறகு, கீசருக்கு அந்த மாதங்களில் லீவு.

இனி மிச்சம் இருப்பது பேப்பர். மாமியார் படிக்கிறார், இருக்கட்டும். மழை நாளில் பிள்ளைகளின் நனைந்த ஷூவுக்குள் சுருட்டி வைத்து, ராத்திரி ஒருமுறை மாற்றினால் காலைக்குள் ஈரத்தை இழுத்துவிடும். அதற்கு அதைவிட மலிவாக வேறெதுவும் கிடைக்காது.